நின்று சுமக்கிற கழுதைக்கு நோய் இல்லை என்று யார் சொன்னது?

போன மாதம் நாய் உண்ணியைப் பற்றி எழுதும்போது, குதிரைக்கும் கழுதைக்கும்கூட உண்ணி கடித்து ரத்தத்தில் ஒட்டுண்ணி நோய் வரும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அடுக்குமாடி வீட்டில் இருந்தாலும் ஊரில் மாமா வீட்டுக் கழுதை, ஜொகூரில் நண்பர் வைத்திருக்கிற குதிரை, சிங்கப்பூரில் கிராஞ்சிப் பந்தயத் திடலில் பார்த்த வேலை என்று ஏதோ ஒரு தொடர்பு நம் ஆட்களுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆகவே இந்த மாதம் முழுக்கக் குதிரை, கழுதை, கோவேறு கழுதை மட்டும். பூனை, கிளிக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என் தாய்மாமா போடி பக்கம் மலைக் கிராமத்துக்கு அரிசி, சிமெண்ட் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற தொழில் செய்கிறார். ஏழு கழுதை, ஒரு கோவேறு கழுதை. கால்நடை முகாமில் விட்டையைச் சோதித்துவிட்டு எட்டில் ஐந்துக்குப் புழு என்று சொல்லியிருக்கிறார்கள். மாமா, "எல்லாம் நல்லாத்தான் சுமக்குது, நீ அங்கே உட்கார்ந்து பயப்படாதே" என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, ஈசூன்)

பதில்: முகாமில் சொன்னதும் சரி, மாமா கண்ணால் பார்ப்பதும் சரி. ஆனால் மாமா அதிலிருந்து எடுக்கிற முடிவு தவறு.

முதலில் அந்த "எட்டில் ஐந்து". மேய்கிற எந்தக் குதிரை, கழுதையை எடுத்தாலும் குடலில் கொஞ்சமாவது புழு இருக்கும். அதனால் "இருக்கிறதா இல்லையா" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது எவ்வளவு என்று. ஒரு கிராம் விட்டையில் 50 முட்டை உள்ள கழுதையும் 1,500 முட்டை உள்ள கழுதையும் அந்த ஐந்து என்கிற கணக்கில் ஒன்றாகத்தான் நிற்கும். முதல் கழுதைக்கு மருந்தே வேண்டாம். இரண்டாவதை விட்டுவைத்தால் அது போகிற பாதை, மேய்கிற புல் எல்லாம் முட்டையாகிவிடும். பத்திரிகையில் "இத்தனை சதவீதக் கழுதைகளுக்கு ஒட்டுண்ணி" என்று படிக்கும்போதும் இதையேதான் கேட்க வேண்டும்: எத்தனை உயிரைப் பார்த்தார்கள், எந்த மாதத்தில் பார்த்தார்கள், எதை வைத்துப் பார்த்தார்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்த எண்ணும் சித்திரை வெயிலில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் முட்டையிலிருந்து வரும் இளம்புழு ஈரப் புல்லில்தான் நன்றாகப் பிழைத்துக் கிடக்கும். காய்ந்த தரையில் சுடுவெயில் பட்டால் செத்துவிடும். அப்புறம், நோய் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்த கழுதைகளை மட்டும் எண்ணினால் சதவீதம் ஏறத்தான் செய்யும்.

எண்ணுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாமாவிடம் காட்டுங்கள். "கழுதை விட்டையில் முன் விட்டை என்ன, பின் விட்டை என்ன" என்று பழமொழி உண்டு, ஆனால் முட்டை எண்ணுகிறவருக்கு அது பொருந்தாது. காலையில் போட்ட புது விட்டைதான் வேண்டும், வெயிலில் கிடந்ததில் முட்டை பொரிந்து கணக்கு கெட்டுவிடும். உருண்டையின் நடுவிலிருந்து 4 கிராம் எடுத்து, இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீர் 56 மில்லியில் நன்றாகக் கலக்கி, டீ வடிகட்டியில் வடிகட்ட வேண்டும். அந்தத் தண்ணீரை மெக்மாஸ்டர் கண்ணாடி என்று கோடு போட்ட இரண்டு அறை உள்ள ஒரு தட்டில் விட்டு ஐந்து நிமிடம் வைத்தால், உப்புத் தண்ணீரைவிட முட்டை இலேசு என்பதால் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்தால், ஸ்ட்ராங்கைல் என்கிற குடற்புழுவின் முட்டை மெல்லிய தோலோடு நீள்வட்டமாக, உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். குட்டிகளில் வருகிற பெரிய உருண்டைப்புழுவின் முட்டை வேறு மாதிரி, வட்டமாக, பழுப்பாக, தடித்த ஓட்டோடு இருக்கும். இரண்டு அறையிலும் எண்ணியதைக் கூட்டி 50 ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வந்துவிடும். 12 எண்ணினால் 600. பொதுவாக வளர்ந்த குதிரைக்கு 200க்குக் கீழே இருந்தால் விட்டுவிடுவோம், 500ஐத் தாண்டினால் மருந்து, நடுவில் இருந்தால் அந்த உயிரின் உடம்பைப் பார்த்து முடிவு. கழுதைக்கும் ஏறக்குறைய இதே வழிதான். பெரும்பாலான கால்நடை ஆய்வகங்களில் செய்கிற சோதனை இது, பெரிய செலவும் இல்லை.

இப்போது மாமா சொன்ன "நல்லாத்தான் சுமக்குது". இதைப் படித்ததும் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து முடித்த புதிது. சலவைத் தொழில் செய்கிற ஒரு பெரியவர் தன் கழுதையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ரெண்டு நாளா மந்தமா இருக்கு சார், மத்தபடி ஒண்ணுமில்ல" என்றார். கழுதை நின்றுகொண்டிருந்தது, காது மட்டும் கொஞ்சம் தொங்கியிருந்தது, கொடுத்த வைக்கோலை வாயில் வைத்துக்கொண்டே மெல்லாமல் நின்றது. காய்ச்சல் இல்லை. சத்து மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் செத்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது பெருங்குடல் சுவர் முழுக்க மிளகுத் தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள், ஒவ்வொன்றும் உள்ளே சுருண்டு கிடந்த சின்ன ஸ்ட்ராங்கைல் இளம்புழு. ரத்தத்தைக் குப்பியில் வைத்துத் தெளியவிட்டால், மேலே நின்ற நீர் பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. கழுதையும் மட்டக்குதிரையும் சாப்பாட்டை நிறுத்தினால் உடம்பில் உள்ள கொழுப்பெல்லாம் கரைந்து ரத்தத்தில் இறங்கி ஈரலை அடைத்துவிடும், இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். அன்றைக்கு விட்டையைச் சோதித்திருந்தால்கூட இந்த இளம்புழுக்கள் தெரிந்திருக்காது, முட்டை போடுகிற வயது அவற்றுக்கு வரவில்லை. ஆனால் மெல்லாமல் நின்ற வாயைப் பார்த்தே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

குதிரைக்கு வயிறு வலித்தால் உருளும், காலை உதைக்கும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். கழுதை அப்படி எதையும் காட்டாது, கடைசிவரை நின்று சுமக்கும். அதனால் கழுதை விஷயத்தில் "நல்லாத்தான் இருக்கு" என்பதை நான் நம்புவதே இல்லை. மாமாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அந்த ஐந்துக்கும் எண்ணிக்கை எவ்வளவு என்று முகாமில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இரண்டு, ஒரு கழுதை ஒரு வேளை தீனியை முழுதாக விட்டாலே அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். 2012இல் இந்தியா முழுக்க 3 லட்சத்து 20 ஆயிரம் போல் இருந்த கழுதை, 2019 கணக்கெடுப்பில் 1 லட்சத்து 20 ஆயிரம் போல் ஆகிவிட்டது, 61 சதவீதம் காணாமல் போய்விட்டது. மாமா வீட்டில் ஏழு இருப்பதே பெரிய விஷயம்.

கேள்வி: நான் கிராஞ்சியில் இருபது வருடத்துக்கு மேல் குதிரை பராமரிக்கும் சைஸ் வேலை பார்த்தவன். வெளிநாட்டுக்குப் போகிற குதிரைக்கு ரத்தம் எடுத்து "பைரோ" பார்ப்பார்கள். பந்தயத்தில் ஓடி ஜெயிக்கிற குதிரைக்கு என்ன நோய் இருக்கப்போகிறது என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். எதற்கு அது?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: அண்ணே, 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் முடிந்த அன்று உங்களைப் போன்றவர்களைத்தான் நினைத்தேன். 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தயக் கழகம் அது. ஃபேரர் பார்க்கில் பந்தயம் நடந்த காலத்தின் அடையாளமாகத்தான் தேக்கா பக்கம் இன்றைக்கும் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் நிற்கிறது. அந்த ரோட்டில் வாழை இலையில் மீன் தலைக்கறி சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே குதிரை ஓடியது தெரியும்!

சரி, பைரோவுக்கு வருவோம். முழுப் பெயர் பைரோபிளாஸ்மோசிஸ். தைலேரியா ஈக்வி, பபேசியா கபாலி என்று இரண்டு ஒட்டுண்ணிகள், உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் இறங்கி சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைத்துவிடும். கடுமையாக வந்தால் காய்ச்சல், சோகை, கண்ணிலும் பல் ஈறிலும் மஞ்சள், சில சமயம் சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போகும். இதிலிருந்து பிழைத்த குதிரை பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும், ஓடும், ஜெயிக்கும், ஆனால் தைலேரியா அதன் ரத்தத்தில் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஒளிந்துகொண்டிருக்கும். அந்தக் குதிரை இந்த நோய் இல்லாத நாட்டில் இறங்கி, அங்கே உள்ள உண்ணி அதைக் கடித்து, பிறகு பக்கத்துக் குதிரையைக் கடித்தால் கதை தொடங்கிவிடும். ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் இதற்காகத்தான் ரத்தச் சோதனை கேட்கின்றன. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதனையில் பாசிட்டிவ் வந்த குதிரைகளைத் தனிக் கட்டுப்பாடுகள் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். இந்தியாவில் இது காலங்காலமாக உள்ள நோய்.

இதிலும் எண்ணுகிற விஷயம் இருக்கிறது. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், காய்ச்சல் அடிக்கிற சில நாளில்தான் கிருமி கண்ணில் படும். எலிசா என்கிற எதிர்ப்பொருள் சோதனை செய்தால் எப்போதோ வந்து இப்போது ஒளிந்திருப்பதுகூடத் தெரியும். அதே 100 குதிரையை முதல் முறையில் பார்த்தால் ஒன்றிரண்டுதான் அகப்படும், இரண்டாவது முறையில் பல மடங்கு அகப்படலாம். அப்படி வேறுபட்டால் இரண்டுமே பொய் இல்லை. ஒன்று இன்றைக்குக் காய்ச்சலில் இருப்பவற்றை எண்ணுகிறது, இன்னொன்று கிருமியைச் சுமப்பவற்றை எண்ணுகிறது. கழுதையும் கோவேறு கழுதையும் இதில் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் சுமக்கிற வகை, அதிக பாரம், நீண்ட லாரிப் பயணம், பட்டினி என்று உடம்பு தளரும்போது நோய் மேலே வரும்.

நீங்கள் தொழிலில் இருந்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஒரே ஊசியை அடுத்தடுத்த குதிரைக்குப் போட்டாலும் இது பரவும், உண்ணியே தேவையில்லை. இமிடோகார்ப் என்று ஒரு மருந்து இதற்கு உண்டு. குதிரைக்குக் கொடுக்கிற அளவைப் பார்த்துக் கழுதைக்கும் யாராவது போடப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், கழுதைக்கு அந்த மருந்து எளிதில் விஷமாகிவிடும்.

கேள்வி: கழுதைப் பால் குடித்தால் குழந்தைக்குப் புழு வருமா? ஊரில் என் அத்தை கொடுக்கச் சொல்கிறார்.
(வாசகி, செங்காங்)

பதில்: கழுதைக் குடற்புழு பால் வழியாகக் குழந்தைக்கு வராது. ஆனால் காய்ச்சாத பாலில் வேறு கிருமிகள் வரும், பிறந்த குழந்தையின் வயிறு அதைத் தாங்காது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். அத்தையிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள் அம்மா.

கேள்வி: ஜொகூரில் என் நண்பர் இரண்டு குதிரை வைத்திருக்கிறார். பெரிய ஈ கடித்து ரத்தம் வழிகிறது. மருத்துவர் "சர்ரா" வந்துவிடும், ஜாக்கிரதை என்றாராம். அது மனிதருக்கும் வருமா?
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், தீபகற்ப மலேசியாவிலும் இந்த நோய் உண்டு. 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர், செத்துக்கொண்டிருந்த குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தில் நெளிகிற ஒட்டுண்ணி ஒன்றைப் பார்த்தார். டிரிப்பனோசோமா எவான்சி என்று பிறகு அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்த ஈ ஒரு குதிரையைக் கடிக்கும்போது குதிரை வாலால் அடிக்கும், பாதியில் எழுந்து பக்கத்துக் குதிரையில் போய் உட்காரும், வாயில் ஒட்டியிருக்கிற ஈர ரத்தம் அங்கே இறங்கும். அவ்வளவுதான், நோய் மாறிவிட்டது. ஈயின் வாயில் கிருமி நெடுநேரம் உயிரோடு இருக்காது என்பதால், நோயுள்ள குதிரையை மற்றதிலிருந்து நல்ல தூரத்தில் கட்டுவதே பாதிப் பாதுகாப்பு.

விட்டு விட்டுக் காய்ச்சல், தீனி தின்றும் உடம்பு இளைப்பது, அடிவயிற்றிலும் காலிலும் நீர் கோத்து வீங்குவது, நடையில் தள்ளாட்டம், இவற்றில் எது வந்தாலும் ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு நாள் பார்த்து இல்லை என்றால் காய்ச்சல் ஏறுகிற நாளில் மறுபடி எடுக்க வேண்டும், ஏனென்றால் கிருமி ரத்தத்தில் அலை மாதிரி ஏறி இறங்கும். மருத்துவம் செய்யாமல் விட்டால் குதிரை பெரும்பாலும் தப்பாது. கழுதைக்கு இலேசாக வந்து நீடிக்கும், பக்கத்தில் கட்டிய குதிரைக்கு அதுவே கிடங்காகிவிடும்.

மனிதருக்கு வருவது மிக அரிது, நம் ரத்தத்தில் உள்ள ஒரு புரதமே இதைக் கொன்றுவிடும். 2004இல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயிக்கு வந்தது உலக அளவில் பேசப்பட்டது, சோதித்தபோது அவர் உடம்பில் அந்தப் புரதம் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. சுராமின் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். உங்கள் நண்பர் தன்னைப் பற்றிக் கவலைப்படாமல் கொட்டகைக்கு ஈ வலை கட்டட்டும்.

கேள்வி: கோயம்புத்தூரில் என் தம்பி ஒரு குதிரை வளர்க்கிறான். தனியாக இருக்கிறதே என்று துணைக்கு ஒரு கழுதை வாங்கி ஒரே இடத்தில் மேயவிட்டான். நாலு மாதமாகக் குதிரைக்கு இருமல். குதிரை லத்தியைச் சோதித்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள். கழுதை நன்றாக இருக்கிறது.
(வாசகர், அங் மோ கியோ)

பதில்: "கழுதை நன்றாக இருக்கிறது" என்று முடித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் தேடுவேன். நுரையீரல் புழு என்று ஒன்று உண்டு, கழுதைதான் அதன் சொந்த வீடு. கழுதை நுரையீரலில் வருடக்கணக்கில் இருமலே இல்லாமல் இருந்துகொண்டு, விட்டை வழியாக இளம்புழுவை வெளியே விடும். அதே புல்லைக் குதிரை தின்றால் புழு அதன் நுரையீரலுக்குப் போய்விடும், ஆனால் அங்கே பெரும்பாலும் வளர்ந்து முட்டை போடாது. அதனால் குதிரை இருமிக்கொண்டே இருக்கும், அதன் லத்தியில் ஒன்றும் தெரியாது. தம்பியிடம் கழுதை விட்டையைக் கொண்டுபோய்ப் பேர்மன் முறையில் பார்க்கச் சொல்லுங்கள். துணியில் கட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு தொங்கவிட்டு, கீழே இறங்குகிற இளம்புழுவைப் பார்க்கிற முறை அது. புழு இருந்தால் இரண்டுக்கும் மருந்து. கழுதையை மட்டும் விற்றுவிட வேண்டாம், அது பாவம், குதிரைக்கும் துணை போய்விடும். தூசியாலும் குதிரைக்கு இருமல் வரும், கழுதை விட்டையில் ஒன்றும் இல்லை என்றால் பிறகு வைக்கோலைப் பாருங்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகள் வாரம் ஒரு முறை மட்டக்குதிரை ஓட்டப் போகிறாள். குதிரைப் புழு அவளுக்கு வருமா?
(வாசகி, பொங்கோல்)

பதில்: குதிரையின் குடற்புழுக்கள் பொதுவாக மனிதக் குடலில் குடியேறுவதில்லை. இளங்குட்டிகளின் கழிச்சலில் வருகிற கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில கிருமிகள் மட்டும் நமக்கும் வயிற்றுப்போக்கு தரும். சவாரி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடட்டும், சானிடைசர் மட்டும் போதாது. தைரியமாக அனுப்புங்கள்.

கேள்வி: ஊரில் அப்பாவின் நாலு குதிரைக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஐவர்மெக்டின் என்கிற புழு மருந்து கொடுக்கிறார். இங்கிருந்து மருந்து வாங்கி அனுப்பட்டுமா? இன்னும் நல்ல மருந்து இருந்தால் சொல்லுங்கள்.
(வாசகர், தெம்பனிஸ்)

பதில்: மருந்து அனுப்ப வேண்டாம் தம்பி, ஊரிலேயே கிடைக்கும். அப்பா இப்போது கொடுப்பதே அதிகம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்பது 1960களில் வந்த வழக்கம், அன்றைக்குக் குதிரையைக் கொன்றுகொண்டிருந்த பெரிய ஸ்ட்ராங்கைல் புழுவை ஒழிக்க அது உண்மையிலேயே உதவியது. ஆனால் நாள்பட நாள்பட மருந்துக்கு அசையாத சின்ன ஸ்ட்ராங்கைல்களும் குட்டிகளின் உருண்டைப்புழுவும் மிஞ்சிப் பெருகிவிட்டன. ஃபென்பெண்டசோல் என்கிற புழு மருந்து பல நாடுகளில் சின்ன ஸ்ட்ராங்கைலிடம் எடுபடவே இல்லை. 1981இல் சந்தைக்கு வந்த ஐவர்மெக்டினுக்கும் உருண்டைப்புழு பல இடங்களில் அசைவதில்லை. இதற்கு அடுத்து புதிதாக ஒரு மருந்து குதிரைக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை, இருப்பதைத்தான் நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம், அதுதான் எனக்கு வருத்தம்.

ஒரு கூட்டத்தில் ஏறக்குறைய 20 சதவீதக் குதிரைகள்தான் 80 சதவீத முட்டையைப் போடுகின்றன. நாலில் ஒன்று, மிஞ்சினால் இரண்டுக்குத்தான் அப்பா மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். எது என்று எண்ணினால்தான் தெரியும், முறையை மேலே ஈசூன் வாசகிக்கு எழுதியிருக்கிறேன். மருந்து கொடுக்கும்போது எடையைக் கண்ணால் மதிக்காமல் நாடாவில் அளக்கச் சொல்லுங்கள். மார்புச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி (எல்லாம் சென்டிமீட்டரில்), 11,900 ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோவில் கிட்டத்தட்ட வந்துவிடும். கழுதையின் உடல்வாகு வேறு, அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. எடைக்குக் குறைவாக மருந்து கொடுப்பது புழுவுக்குப் பயிற்சி கொடுப்பது மாதிரி. 14 நாள் கழித்து அதே குதிரையின் லத்தியை மறுபடி எண்ண வேண்டும். 600 இருந்தது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தால் சரி. 200இலேயே நின்றால், எடையும் சரி, மருந்தும் முழுதாக உள்ளே போயிருக்கிறது என்றால், அந்த மருந்து உங்கள் தொழுவத்தில் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், மருத்துவரிடம் சொல்லி வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.

நீங்களும் ஈசூன் வாசகியும் ஊரில் எண்ணி முடித்ததும் எனக்கு எழுதுங்கள். இரண்டு எண்ணும் வேண்டும், மருந்துக்கு முன்னால் எடுத்ததும் 14ஆம் நாள் எடுத்ததும்.